சலிப்புக்கு மருந்து வாசலுக்கு வெளியே

மே பிறந்துவிட்டால் மும்பைத் தமிழ் வீடுகளில் இரண்டே பேச்சு. ஊருக்கு டிக்கெட் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் பிள்ளையை எந்த கிளாஸில் சேர்ப்பது? தாதரில் கிளம்பும் திருநெல்வேலி வண்டியிலோ, சி.எஸ்.எம்.டி.யில் கிளம்பும் நாகர்கோவில் வண்டியிலோ இடம் பிடித்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் வீட்டில் ஜூன் நடுவில் பள்ளி திறக்கும்வரை ஒரே பல்லவிதான்: "அம்மா, போர் அடிக்குது!"

இதைக் கேட்டதும் பெற்றோருக்கு ஏதோ தப்பு செய்துவிட்ட உணர்வு வந்துவிடுகிறது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அந்த உணர்வு அபாகஸ், கீபோர்டு, ஸ்கேட்டிங் என்று ஃபீஸ் கட்டவைக்கிறது. தாராவியில், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், பழைய போன் ஒன்று பிள்ளையின் கைக்குப் போகிறது. வழி வேறானாலும் எண்ணம் ஒன்றுதான்: சலிப்பு ஒரு நோய், அதை உடனே விரட்ட வேண்டும்.

சலிப்பை ஆராய்கிற உளவியலாளர்கள் அதை அப்படிப் பார்ப்பதில்லை. கனடாவில் யார்க் பல்கலைக்கழகத்தின் ஜான் ஈஸ்ட்வுட்டும் அவருடைய சகாக்களும் 2012இல் சலிப்புக்கு ஒரு வரையறை தந்தார்கள். மனம் எதிலாவது முழுசாக ஈடுபட ஆசைப்படுகிறது, ஆனால் முடியவில்லை. அந்தத் தவிப்புதான் சலிப்பு. அப்படியானால் சலித்துப்போன பிள்ளை சோம்பேறிப் பிள்ளை அல்ல. சோம்பேறிக்கு எதுவும் வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு ஏதோ வேண்டும், அது என்னவென்றுதான் பிடிபடவில்லை. பசி வயிற்றைச் சோற்றின் பக்கம் தள்ளுவதுபோல, சலிப்பு மனதை ஒரு செயலின் பக்கம் தள்ளுகிறது.

"போர் அடிக்கட்டும் விடுங்கள், படைப்பாற்றல் தானாக வளரும்" என்று இப்போது பலர் சொல்கிறார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2014இல் இங்கிலாந்தில் சாண்டி மான், ரெபெக்கா காட்மன் இருவரும் வெளியிட்ட சோதனை. டெலிபோன் டைரக்டரியிலிருந்து எண்களை எடுத்து எழுதும் சலிப்பூட்டும் வேலையைச் சிலருக்குக் கொடுத்தார்கள். பிறகு தெர்மோகோல் கோப்பைகளை என்னென்ன விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, சலித்தவர்கள் கூடுதலான யோசனைகளைச் சொன்னார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள். அளந்ததும் சில நிமிட விளைவை. இதைக் கொண்டு, ஆறு வாரம் ஒரு குழந்தையை நான்கு சுவருக்குள் அடைத்துவைத்தால் மேதையாகிவிடும் என்று சொல்ல முடியாது.

அதே 2014இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இன்னொரு சோதனை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோத்தி வில்சன் குழுவினர் ஆட்களை வெறும் அறையில் 15 நிமிடம் தனியாக உட்காரவைத்தார்கள். போன் இல்லை, புத்தகம் இல்லை. ஒரேயொரு பொத்தான், அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும். காசு கொடுத்தாவது அந்த ஷாக்கைத் தவிர்ப்போம் என்று முன்னால் சொல்லியிருந்தவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்திவிட்டார்கள். அந்த அறையில் செய்வதற்கு இருந்தது அது ஒன்றுதான். சலிப்பு மனிதனை எங்காவது தள்ளியே தீரும். எங்கே தள்ளும் என்பது, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிள்ளைகளின் விடுமுறையைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

எம்.ஐ.டி. பேராசிரியரும் நகரத் திட்டமிடல் அறிஞருமான கெவின் லிஞ்ச், யுனெஸ்கோவுக்காக 1970களில் ஓர் ஆய்வை நடத்தினார். ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா, மெக்சிகோ, போலந்து நாடுகளில் வளரும் பருவத்துப் பிள்ளைகளிடம் அவர்களுடைய பேட்டையை வரைந்து காட்டச் சொன்னார்கள். எங்கே போவீர்கள், எது பிடிக்கும் என்று கேட்டார்கள். மெல்போர்ன் நகரின் புறநகர்ப் பிள்ளைகளுக்குத் தோட்டம் வைத்த தனி வீடும் பக்கத்தில் பச்சைப் புல்வெளியும் இருந்தன. "இங்கே செய்ய ஒன்றுமில்லை" என்று அலுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். அர்ஜென்டினாவின் சால்டா நகர ஓரத்தில் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் தெருவைக் கொண்டாடினார்கள். காரணம், தெருவில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருந்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது.

லூயிஸ் சாவ்லா என்ற ஆய்வாளர் 1990களில் இந்த ஆய்வுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தபோது பெங்களூரின் சத்யநகர் என்ற குடிசைப் பகுதியும் அதில் சேர்ந்தது. அங்கே குடிதண்ணீருக்கும் கழிப்பறைக்குமே திண்டாட்டம். ஆனாலும் பிள்ளைகள் தங்கள் இடத்தைப் பற்றிப் பாசத்தோடு பேசினார்கள். கூப்பிட்டால் ஓடிவரும் கூட்டாளிகள் இருந்தார்கள், நடந்து போய்ச் சேரக்கூடிய இடங்கள் இருந்தன. குடிசையின் கஷ்டத்தை அழகாக்கிக் காட்ட இதைச் சொல்லவில்லை. தண்ணீரும் கழிப்பறையும் எந்தப் பிள்ளைக்கும் உரிமை. அவற்றைக் கொடுக்கும்போது கூட்டாளிகளையும் தெருவையும் பறித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

தாராவியின் 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் சாயங்காலம் நின்று பாருங்கள். கையை இரண்டு பக்கமும் நீட்டினால் சுவரில் முட்டும் அகலம். நீல நிறத் தண்ணீர் டிரம்தான் ஸ்டம்ப். பந்து அண்டர் ஆர்மில்தான் வரும். சுவரில் நேரே பட்டால் அவுட். யார் வீட்டுக்குள்ளாவது போனாலும் அவுட். கட்டரில் விழுந்தால் இரண்டு ரன், ஆனால் அடித்தவனே கையை விட்டு எடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகளோடு விளையாடியே தீருவேன் என்று அழும் ஐந்து வயதுக்காரனை 'கச்சா லிம்பு' என்று சேர்த்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் ஒப்புக்குச் சப்பாணி. அவனுக்கு மட்டும் அவுட்டே கிடையாது. "ஏலே, சுவத்துல பட்டுச்சுல்லா, அவுட்டு!" என்று ஒருவன் கத்துகிறான். "அது டிரையல் பாலுடா!" என்கிறான் இன்னொருவன். குடத்தோடு ஓர் அக்கா வருகிறார். ஆட்டம் நின்று, சுவரோடு ஒட்டி வழிவிட்டு, மறுபடி தொடங்குகிறது. அதற்குள் தகராறும் தீர்ந்திருக்கிறது. அம்பயர் என்று யாரும் இல்லை.

பியாஜே என்ற சுவிஸ் உளவியல் மேதை, 1932இல் வெளியான தமது நூலுக்காகக் கோலி விளையாடும் பையன்களைக் கூர்ந்து கவனித்தார். சின்னப் பிள்ளைகள் விதி என்பது பெரியவர்கள் போட்டது, மாற்றவே முடியாது என்று நம்பினார்கள். பத்து வயதுக்குப் பிறகு அந்த நம்பிக்கை மாறியது: எல்லோரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என்று பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். நியாயம் என்றால் என்ன என்பதைச் சக வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டித்தான் குழந்தை கற்கிறது என்றார் பியாஜே. கச்சா லிம்புவுக்கு அவுட் கிடையாது என்று முடிவெடுத்த அந்தச் சந்துப் பிள்ளைகள், பலவீனமானவனுக்குத் தனிச் சலுகை என்ற சட்டத்தைத் தாங்களே இயற்றியிருக்கிறார்கள். சம்மர் கேம்ப் விளையாட்டில் இதற்கு வழியில்லை; அங்கே விதி, விசில் இரண்டும் கோச்சின் கையில்.

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் அன்றாட நேரத்தைப் பெற்றோரிடம் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். பெரியவர்கள் வகுக்காத நேரம் அதிகம் உள்ள பிள்ளைகள், தாங்களாக இலக்கு வைத்துத் தாங்களாகச் செயல்படும் திறனில் முன்னே நின்றார்கள். அட்டவணை போட்ட நேரம் அதிகமுள்ளவர்கள் அதில் பின்தங்கினார்கள். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் காலை 7 மணி நீச்சலிலிருந்து இரவு 8 மணி கீபோர்டு வரை பிள்ளையின் நாளை நிரப்பும் பெற்றோர் ஒரு நிமிடம் நின்று யோசிக்க இது போதும்.

போன் பற்றியும் ஒன்று. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் கேட்டி டாம், மைக்கேல் இன்ஸ்லிக்ட் இருவரும் 2024இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு வீடியோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தவர்களுக்குச் சலிப்பு கூடியது. தாவினால் சலிப்பு குறையும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். 'டைம்பாஸ்' என்று கொடுத்த போனைப் பிடுங்கியதும் பிள்ளை இன்னும் எரிச்சலாவதன் காரணம் இதில் கொஞ்சம் இருக்கலாம்.

வெளியே அனுப்ப எந்தத் தாய்க்குத்தான் ஆசையில்லை? பயம்தான் தடுக்கிறது. பயத்தின் பெரும் பங்கு வண்டிகளால் வருவது. பிரிட்டனில் மேயர் ஹில்மன் குழு 1990இல் வெளியிட்ட அறிக்கை இதை முகத்தில் அடித்ததுபோல் சொன்னது. 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். சாலை விபத்தில் சாகும் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள் என்று அரசு பெருமைப்பட்டுக்கொண்டது. சாலை திருந்தியதால் அல்ல, குழந்தைகள் சாலையிலிருந்து காணாமல் போனதால்தான் குறைந்தது என்றார் ஹில்மன்.

மும்பையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். செம்பூர் சொசைட்டிகளில் பிள்ளைகள் ஓடிய முற்றம் இன்று கார் பார்க்கிங். மதிலில் 'பந்து விளையாடக் கூடாது' பலகை. தாராவியின் ஓரத்திலேயே, குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் மரம் வளர்த்து 1994இல் திறந்த மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா 37 ஏக்கரில் இருக்கிறது. தாராவிப் பிள்ளைக்கும் அதற்கும் நடுவே சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலை சீறிக்கொண்டு ஓடுகிறது. ஒரு சாலையின் அகலம்தான் தூரம், ஆனால் பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப மனம் வருமா?

பெண் பிள்ளைகளின் கதை இதிலும் மோசம். ரோஜர் ஹார்ட் 1970களில் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகள் தனியாகப் போய்வரும் எல்லையை அளந்தபோதே, பையன்களின் எல்லை பெரிதாக இருந்தது. நம் வீடுகளில் அந்தச் சந்து கிரிக்கெட்டை வாசற்படியில் நின்று பார்க்கும் பெண்ணின் இடுப்பில் தம்பி இருப்பான். பதினோரு வயதானால் வாசற்படியும் போய்விடும். அவளுக்கும் போர் அடிக்கிறது. அதைச் சொல்லக்கூட அவளுக்கு நேரம் கொடுப்பதில்லை.

வெளியே விளையாடுவதில் கண்ணும் சம்பந்தப்பட்டிருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்றாண்டில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அப்படி விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். நல்ல வெளிச்சத்தில் விழித்திரை சுரக்கும் டோபமைன், கண்விழி நீண்டு வளர்வதைக் கட்டுப்படுத்துகிறது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. இங்கேதான் தாராவியின் குறையும் தெரிகிறது. கூரையும் கூரையும் முட்டும் சந்தில் நடுப்பகலிலும் விளக்கு வேண்டும். தகரக் கூரை வீட்டின் மே மாதப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். கூட்டாளிகள் சந்தில் கிடைப்பார்கள். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மைதானம் வேண்டும்.

மும்பையால் முடியாதது இல்லை. மாட்டுங்காவில் மேம்பாலத்துக்கு அடியில் வண்டிகளும் குப்பையும் அடைத்துக்கொண்ட இடத்துக்காகப் பேட்டைவாசிகள் விடாமல் மன்றாடினார்கள். 2016இல் அது நானாலால் மேத்தா பூங்காவானது. நர்மதை நதியின் வளைவுகளைப் போல 600 மீட்டர் நடைபாதை. 2022 மார்ச்சில் மும்பைக் காவல்துறை சில சாலைகளை ஞாயிறு காலையில் வண்டிகளுக்கு மூடியபோது பிள்ளைகள் அங்கே வந்து விளையாடினார்கள்.

இப்போது தாராவியே மாறப்போகிறது. 2022 ஏலத்தில் அதானி குழுமம் பெற்ற மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். வீட்டுக்குள் கழிப்பறை வரும், குழாயில் தண்ணீர் வரும், வரவேண்டியதுதான். பதினைந்தாவது மாடியில் இருக்கும் பிள்ளை "ஏலே, வாறியா?" என்று யாரைக் கூப்பிடும், எங்கே இறங்கி ஓடும் என்பதையும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாராவி மக்கள் கேட்க வேண்டும். வீடு எத்தனை சதுர அடி என்று கேட்கும் அதே உறுதியோடு கேட்க வேண்டும்.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள்: மே மாதத்தில் பூட்டிக்கிடக்கும் உங்கள் பள்ளிகளின் முற்றத்தையும் விசிறி உள்ள ஒரு கூடத்தையும், தமிழ்வழிப் பள்ளிகள் உட்பட, பேட்டைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். சொசைட்டி கமிட்டிகளுக்கு: மாலை 5 முதல் 7 வரை வண்டிகளை ஓரங்கட்டி, அந்தப் பலகையைக் கழற்றுங்கள். பெற்றோருக்கு: இந்த விடுமுறையில் ஒரு கிளாஸைக் குறைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்த்து உங்கள் பிள்ளையைக் கீழே அனுப்புங்கள். பெண் பிள்ளையையும் அனுப்புங்கள். தம்பியை இரண்டு மணி நேரம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.