கல்லைக் கரைக்கும் நீர்: பாரடாங் குகைக்கு ஒரு கடற்பயணம்

நுழையும்முன்

கல் உறுதியானது, நீர் மென்மையானது. ஆயினும் கல்லைக் கரைத்துக் குகை குடைவதும், கரைத்த கல்லைக் கொண்டே தூண் எழுப்புவதும் நீர்தான். அந்த நீரின் வேலையைக் காண, கடலில் மூன்று இரவுகள் பயணம் செய்து ஒரு தீவுக்குச் செல்வோம். அங்கு எப்படிச் செல்வது என்பதோடு, எப்படி நடந்துகொள்வது என்பதையும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

வீட்டிலுள்ள பழங்கடல்

மாணவர்களே, சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள பல வீடுகளின் சமையலறை மேடையில் கரிய, வழவழப்பான கல் பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதைக் கடப்பைக் கல் என்கிறோம். நமக்கு அண்மையிலுள்ள கடப்பை மாவட்டத்தில் வெட்டி எடுக்கப்படுவதால் அதற்கு அப்பெயர். அது ஒருவகைச் சுண்ணாம்புக்கல். இன்று வறண்ட நிலமாகக் காணப்படும் அப்பகுதி, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமற்ற கடலாக இருந்தது. கடல்நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புப் பொருள் அடியில் அடுக்கடுக்காகப் படிந்து, காலப்போக்கில் இறுகிக் கல்லானது. ஆகவே உங்கள் வீட்டுச் சமையல் மேடை ஒரு பழங்கடலின் அடித்தளம்.

அந்த மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே துடைக்குமாறு பெரியவர்கள் சொல்வார்கள். துடைக்காமல் விட்டால் அவ்விடம் பளபளப்பை இழந்து வெளிறிவிடும். சாற்றிலுள்ள அமிலம் கல்லின் மேற்பரப்பைச் சிறிது கரைத்துவிடுவதே இதற்குக் காரணம். சுண்ணாம்புக்கல் அமிலத்தில் கரையும் என்னும் இவ்வொரு செய்தியை நினைவில் கொள்ளுங்கள். இப்பாடம் முழுவதும் அதனை அடிப்படையாகக் கொண்டதே.

எல்லாக் கல்லும் இவ்வாறு கரைவதில்லை. திருமலையில் நீங்கள் கண்டிருக்கக்கூடிய சிலாதோரணம் என்னும் இயற்கை வளைவு குவார்ட்சைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. அமிலம் அதனைக் கரைப்பதில்லை. காற்றும் மழையும் வெயிலும் நெடுங்காலம் அரித்ததால் உருவானது அது.

நீர் செய்யும் சிற்பம்

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஈர்த்துக்கொண்டு மிக மென்மையான அமிலமாக மாறுகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கும்போது கல்லிலுள்ள கால்சியம் கார்பனேட்டைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. விரிசல் இடுக்காகிறது, இடுக்கு அகன்று குகையாகிறது. ஆந்திரப் பிரதேசத்தின் நந்தியால் மாவட்டத்தில் உள்ள பேலம் குகைகள் இவ்வாறு தோன்றியவையே. அவற்றின் நீளம் 3,229 மீட்டர். 1884 ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் அவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதினார்.

குகை தோன்றியபின் நீர் வேறொரு வேலையைத் தொடங்குகிறது. சுண்ணாம்பைச் சுமந்துவரும் நீர்த்துளி குகையின் கூரையில் தொங்கும்போது, அதிலிருந்த கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. உடனே சுண்ணாம்பு சிறு படிவாகக் கூரையிலேயே தங்கிவிடுகிறது. துளிமேல் துளியாக இது தொடர்ந்தால், ஆலமரத்தின் விழுதுபோல் கல் கீழ்நோக்கி வளரும். இதற்குக் கல்விழுது என்று பெயர். கீழே சொட்டிய துளியிலிருந்து மேல்நோக்கி வளர்வது கல்முளை. இரண்டும் கூடினால் கற்றூண்.

இவ்வளர்ச்சி மிக மெதுவானது. இடத்திற்கு இடம் வேறுபட்டாலும், பொதுவாக நூறு ஆண்டுகளில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் எனலாம். கீழடியில் ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன் மக்கள் வாழ்ந்தனர். அன்று தொடங்கிய ஒரு கல்விழுது இவ்வேகத்தில் வளர்ந்திருந்தால், இன்று அதன் நீளம் 26 சென்டிமீட்டர். உங்கள் அளவுகோலைவிட அது சிறியது!

கடலில் எழுந்த சுண்ணாம்பு மலைகள்

சுண்ணாம்புக்கல்லும் கடலும் சேர்ந்து உருவாக்கிய இடங்களுள் உலகப் புகழ்பெற்றது வியட்நாம் நாட்டின் ஹா லாங் விரிகுடா. அப்பெயருக்குக் கீழிறங்கும் டிராகன் என்று பொருள். அங்கு ஏறத்தாழ 1,600 தீவுகளும் சிறு குன்றுகளும் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் அவை நிலத்திலிருந்த மலைகள். உறைபனிக் காலம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகளில் நீர் புகுந்தது, மலையுச்சிகள் தீவுகளாயின. 1994 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பயணிகள் படகிலேயே இரவு தங்கி, விடியற்காலையில் குன்றுகளுக்கிடையே பனி விலகுவதைக் காண்கின்றனர்.

அவ்விரிகுடாவில் மீனவர்கள் மிதக்கும் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்தனர். சுற்றுலா பெருகியது, நீரும் மாசடைந்தது. 2014 ஆம் ஆண்டில் அக்குடும்பங்களுள் பெரும்பாலானவற்றை அரசு கரையிலுள்ள குடியிருப்புகளுக்கு மாற்றியது. குழந்தைகளுக்குப் பள்ளி கிடைத்தது. பெரியவர்களோ மீன்பிடிக்க மீண்டும் விரிகுடாவிற்கே செல்ல வேண்டியதாயிற்று. அழகான ஓர் இடம் வேறொருவரின் வீடாகவும் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

இந்தியாவில் ஹா லாங்கைப் போன்ற விரிகுடா இல்லை. ஆனால் கடலில் இரவுகளைக் கழித்து, படகில் சென்று, சுண்ணாம்புக் குகையைக் காணும் வாய்ப்பு உண்டு. அவ்விடம் அந்தமான் தீவுகளில் உள்ள பாரடாங்.

கடலில் மூன்று இரவுகள்

திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடியது சென்னைத் துறைமுகம். அங்கிருந்து அந்தமானின் தலைநகருக்குப் பயணிகள் கப்பல் செல்கிறது. முன்னர்ப் போர்ட் பிளேர் எனப்பட்ட அந்நகரத்திற்கு 2024 ஆம் ஆண்டில் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயரிடப்பட்டது. விசாகப்பட்டினத்திலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் உண்டு. சென்னையிலிருந்து கடல்தொலைவு ஏறத்தாழ 1,200 கி.மீ.; பயணம் ஏறத்தாழ 60 மணி நேரம். அதாவது மணிக்கு 20 கி.மீ. வேகம். விரைந்து செல்லும் மிதிவண்டியோடு இதனை ஒப்பிடலாம். வானூர்தி இரண்டரை மணி நேரத்திற்குள் கடந்துவிடும் தொலைவு இது. ஆயினும் வங்காள விரிகுடா எவ்வளவு பெரியது என்பதைக் கப்பற்பயணமே உணர்த்தும்.

இது உல்லாசக் கப்பல் அன்று. தீவு மக்கள் ஊருக்கு வந்துபோகப் பயன்படுத்தும் அரசுக் கப்பல். அடுக்குப் படுக்கைகள் கொண்ட பொதுப் பகுதியும், கட்டணம் மிகுந்த தனியறைகளும் அதில் இருக்கும். முதல் நாள் சிலருக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் தோன்றலாம். உடல் அசைவை உட்செவி உணர்கிறது. அறைச் சுவரையே பார்க்கும் கண் உணர்வதில்லை. இம்முரண்பாடே அதற்குக் காரணம். மேல்தளத்திற்கு வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சற்றுக் குறையும்.

நகரத்தின் ஒளி மறைந்தபின், இரவில் விண்மீன்கள் தெளிவாகத் தெரியும். சில இரவுகளில் கப்பல் கிழித்துச் செல்லும் அலைநுரை நீலநிறமாக ஒளிரும். கடலில் வாழும் நுண்ணுயிர்கள் அசைக்கப்படும்போது உமிழும் ஒளியே அது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கால் மணி நேரம் முன்னதாகவே கதிரவன் எழுவதையும் காணலாம். நாம் கிழக்கு நோக்கிச் செல்கிறோம். கடிகாரமோ இந்திய நேரத்தையே காட்டுகிறது.

கப்பலில் தமிழும் தெலுங்கும் இந்தியும் வங்காளமும் கலந்து ஒலிக்கும். 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தாய்மொழியாகப் பேசப்படுவனவற்றுள் வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்த இடம் தமிழுக்கும், அதற்கடுத்த இடம் தெலுங்குக்கும் உரியன. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளரும் உங்களுக்கு அங்கே இரு மொழியிலும் உறவுகள் கிடைப்பார்கள்.

கழியும் குகையும்

ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து பாரடாங் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது. காட்டுச் சாலை முடியும் இடத்தில் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெரும்படகில் நீரிணையைக் கடக்க வேண்டும். பின்னர் நீலாம்பூர்ப் படகுத்துறையிலிருந்து விசைப்படகில் அரை மணி நேரப் பயணம்.

படகு முதலில் அகன்ற நீர்ப்பரப்பில் விரைகிறது. பின்னர்க் குறுகிய கழிக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. இருபுறமும் அலையாத்தி மரங்கள் தாங்குவேர்களை ஊன்றி நிற்கின்றன. கிளைகள் தலைக்குமேல் கூடிப் பச்சைக் கூரையாகின்றன. இந்த வேர்கள் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கின்றன. மீன்குஞ்சுகளுக்கும் நண்டுகளுக்கும் புகலிடம் ஆகின்றன. உவர்நீர் முதலைகள் வாழும் நீர் இது. ஆகவே கையை நீரில் விடுதல் கூடாது.

நயாடேரா என்னும் இடத்தில் இறங்கி, ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு காட்டுவழியில் நடந்தால் குகை வாயிலை அடையலாம். உள்ளே செல்லச்செல்ல ஒளி குறைகிறது. வழிகாட்டி கைவிளக்கை உயர்த்தும்போது கூரையிலிருந்து கல்விழுதுகள் மடிப்பு மடிப்பாகத் தொங்குவது தெரிகிறது. சில இடங்களில் நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவ்விடங்களில் கல் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

சில கல்விழுதுகள் வெண்மையாக இல்லாமல் கருத்து மங்கியிருக்கும். பயணிகளின் கைபட்ட இடம் இவ்வாறாகும். நம் தோலிலுள்ள எண்ணெய்ப்பசை கல்லில் ஒட்டினால், நீர் அங்கே முன்போல் பரவிப் படிய இயலாது, அழுக்கும் சேரும். நூறு ஆண்டுகளில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்த கல்லின் வளர்ச்சி, ஒருவர் ஒரு நொடி தொடுவதால் தடைப்படலாம். ஒடித்துவிட்டாலோ நம் வாழ்நாளில் அது மீளாது.

காட்டுக்கு உரியவர்கள்

தொடக்கூடாதது கல் மட்டும் அன்று. பாரடாங் செல்லும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் ஊடே செல்கிறது. அவர்கள் பன்னெடுங்காலமாக அத்தீவுகளில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் தேன் சேகரித்தும் வாழ்ந்துவருபவர்கள். 2011 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அவர்களின் எண்ணிக்கை 380 மட்டுமே. உங்கள் பள்ளியில் இரண்டு மூன்று வகுப்புகளில் பயிலும் மாணவர்கள் எத்தனை பேர் என எண்ணிப் பாருங்கள்; ஓரினம் முழுவதும் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். வெளியாரிடம் சாதாரணமாகத் தோன்றும் நோய்களை எதிர்க்கும் ஆற்றல் அவர்களுக்குக் குறைவு. 1999 ஆம் ஆண்டில் அவர்களிடையே தட்டம்மை பரவியது.

1956 ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்களின் நிலத்தைக் காக்கிறது. ஆயினும் பயணிகள் சிலர் வண்டியிலிருந்து தின்பண்டங்களை எறிந்து, அவர்களைக் காட்சிப் பொருளாக்கினர். 2012 ஆம் ஆண்டில் அவர்களை ஆடவைத்து எடுத்த காணொளி வெளிவந்து நாடெங்கும் கண்டனத்தை எழுப்பியது. உச்ச நீதிமன்றம் 2002 ஆம் ஆண்டிலேயே அச்சாலையை மூடுமாறு ஆணையிட்டிருந்தது. ஆனால் வடக்கிலுள்ள ஊர்களின் மக்கள் மருத்துவத்திற்கும் கல்விக்கும் அச்சாலையையே நம்பியுள்ளனர். இவ்விரு தேவைகளுக்கும் இடையே இன்றும் முழுத் தீர்வு ஏற்படவில்லை.

இப்போது ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து குறித்த நேரங்களில் மட்டும் வாகனங்கள் அணியாகக் காவலுடன் அனுப்பப்படுகின்றன. வழியில் நிறுத்துதல், படம் எடுத்தல், உணவு கொடுத்தல் ஆகியன தடைசெய்யப்பட்டுள்ளன. காட்டைத் தவிர்க்கும் கடல்வழியும் பின்னர் ஏற்படுத்தப்பட்டது. நேரம் மிகுதியாயினும், வாய்ப்பிருந்தால் கடல்வழியைத் தேர்ந்தெடுப்பதே நன்று. யாருடைய வாசலையும் மிதிக்காமல் குகையைக் காண அது உதவும்.

விருந்தினர் நெறி

நம் வீட்டிற்கு வருபவர் கேளாமல் அறைக்குள் நுழைந்து, நம்மைப் படம் எடுத்து, பொருள்களைத் தொட்டுப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்? பிற மாநிலத்தில் வாழும் நமக்கு, புதிய ஊரின் வழக்கத்தைப் பார்த்தும் கேட்டும் நடந்துகொள்ளும் பழக்கம் உண்டு. தெரு மொழியைக் கற்றோம். அவ்வூர்த் திருவிழாக்களில் கலந்துகொண்டோம். அதே பணிவோடு காட்டிற்கும் கடலுக்கும் செல்லுதல் வேண்டும். குகையின் துளி சொட்டட்டும். காட்டின் மக்கள் தம் வழியில் வாழட்டும். அவற்றின் போக்கைத் தடுக்காமல் கண்டு திரும்புபவரே நல்ல பயணி.

அருஞ்சொற்பொருள்

அலையாத்தி: கடலோரச் சேற்றில் வளர்ந்து அலையைத் தணிக்கும் மரம்
கழி: கடல்நீர் நிலத்தினுள் புகுந்து செல்லும் குறுகிய நீர்வழி
நீரிணை: இரு நிலப்பகுதிகளுக்கிடையே அமைந்து, இரு பெரும் நீர்ப்பரப்புகளை இணைக்கும் குறுகிய கடற்பகுதி
தொடுவானம்: வானமும் கடலும் கூடுவதுபோல் தோன்றும் எல்லை
கல்விழுது: குகைக் கூரையிலிருந்து கீழ்நோக்கி வளரும் சுண்ணாம்புப் படிவு

பயிற்சி

1. கல்விழுது, கல்முளை இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் படம் வரைந்து விளக்குக.
2. கப்பல் கிழக்கே செல்லச்செல்லக் கதிரவன் முன்னதாக எழுவது ஏன்?
3. ஒரு கல்விழுதின் நீளம் 40 சென்டிமீட்டர். பாடத்தில் கூறிய வேகத்தில் அது வளர எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும்?
4. பாரடாங் சாலையை மூடுவது, திறந்து வைப்பது ஆகிய இரண்டிற்கும் ஒவ்வொரு காரணம் எழுதுக. உம் கருத்தை ஐந்து தொடர்களில் கூறுக.
5. உம் வீட்டுப் பெரியவரிடம் அவர் மேற்கொண்ட நெடும்பயணம் ஒன்றைப் பற்றிக் கேட்டு, அதனைத் தமிழில் எழுதி வருக.