சூத்திரம் அனுப்பும் ஊரும் சொந்தம் இருக்கும் ஊரும்

ஜெர்மனியில் தஞ்சம் கேட்பவர் எந்த ஊரில் தங்குவது என்பதை அவர் முடிவுசெய்வதில்லை. 'கோனிக்ஸ்டைன்' எனப்படும் பங்கீட்டுச் சூத்திரம் முதலில் மாநிலத்தை முடிவுசெய்கிறது. மாநிலத்தின் வரி வருவாய்க்கு மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு, மக்கள்தொகைக்கு ஒரு பங்கு. அதன்படி நூறு பேரில் சுமார் 21 பேர் வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியாவுக்கும் ஒருவர் பிரேமனுக்கும் போவார்கள். பிறகு மாநிலம் அவர்களை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பும். காலி வீடு எங்கே இருக்கிறது, தெரிந்த தொழிலுக்கு எங்கே வேலை கிடைக்கும் என்பதெல்லாம் அந்தச் சூத்திரத்தில் இல்லை.

2015-இல் வந்த சுமார் 8,90,000 பேரையும் இப்படித்தான் பிரித்தார்கள். அகதி என்ற அங்கீகாரம் கிடைத்ததும் பலர் ஊர் மாறினார்கள். சால்ஸ்கிட்டர் என்ற இரும்பாலை நகரத்துக்குச் சிரியர்கள் நிறையப் பேர் போனதற்குக் காரணம் எளிது: மக்கள்தொகை குறைந்து அங்கே அடுக்குமாடி வீடுகள் பூட்டிக் கிடந்தன, வாடகை மலிவு. முதலில் போனவர்கள் சொல்லி அடுத்தவர்கள் வந்தார்கள். பள்ளிகளில் இடம் போதவில்லை. 2017 இறுதியில் மாநில அரசு அங்கே புதிதாக அகதிகள் குடியேறத் தடை போட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, அங்கீகாரம் பெற்றவர் மூன்று ஆண்டுகள் ஒதுக்கப்பட்ட மாநிலத்திலேயே இருக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் சட்டம் வந்திருந்தது. வேலை கிடைத்தால் விலக்கு உண்டு. ஆனால், வேலை தேட வேண்டிய ஊருக்குக் குடிபோகவே முடியாதவருக்கு வேலை எப்படிக் கிடைக்கும்?

இப்படி ஊர் ஒதுக்கப்படும் கஷ்டத்தை ஈழத்தமிழர்கள் முன்பே பட்டிருக்கிறார்கள். 1983-க்குப் பின் பலர் கிழக்கு பெர்லினில் விமானத்தில் வந்து இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டார்கள். அங்கிருந்து பல மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். வழக்கு முடியும்வரை ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்ட அனுமதி வேண்டியிருந்தது. அப்படிப் பிரிக்கப்பட்டாலும் இன்று அவர்கள் மிகுதியாக வாழ்வது வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியாவில். அங்கே ஹம் நகரின் தொழிற்பேட்டை ஒன்றில் காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் குடமுழுக்குக் கண்டது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள்.

சுமையைப் பங்கிடுவது நியாயம்தான். எல்லோரையும் ஒரே நகரம் தாங்காது. ஆனால், கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் என்றால் சேர்த்து அனுப்பும் அதே விதி, அண்ணனும் சித்தியும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. ஊரை ஒதுக்குவதற்கு முன், உங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள், என்ன தொழில் தெரியும் என்று அதிகாரிகள் கேட்கட்டும். பதிலுக்கேற்ப அனுப்பட்டும்.