கால்பந்தும் கல்யாணப் பேச்சும்!

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரம்.

கல்லூரி மாணவர்கள் பந்தாடிய மைதானத்துக்குள் போலீசார் புகுந்தார்கள். கண்ணெரிச்சல் தரும் மிளகாய்க் கார மருந்தைப் பீய்ச்சி அடித்தார்கள்!

என்ன நடந்தது?

மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகமும் அன்று மோதின. மிச்சிகன் 13-10 என்று ஜெயித்தது. ஜெயித்தவர்கள் சும்மா போகவில்லை. எதிராளியின் மைதானத்தில், நட்ட நடுவே, தங்கள் கொடியை ஊன்றப் போனார்கள். தோற்றவர்களுக்கு ரத்தம் கொதித்தது. கைகலப்பு மூண்டது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலைக்கு 1 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது.

பழைய பகை

இந்தப் பகை நேற்று முளைத்தது அல்ல. 1835-ல் டொலிடோ என்ற ஊர் யாருக்கு என்று இரு பகுதியாரும் படை திரட்டி நின்றார்கள். நல்ல வேளை, ஒரு உயிரும் போகவில்லை. ஊர் ஒகையோவுக்குப் போயிற்று. 1897-ல் பந்தாட்டம் தொடங்கியது. முதல் பந்தயத்தில் மிச்சிகன் 34-0 என்று ஜெயித்தது.

இது நம் ஊர்க் கால்பந்து அல்ல. உரிக்காத தேங்காய் போன்ற பந்து. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஓடுகிறவன் மேல் பாய்ந்து கீழே தள்ளலாம். அதனால்தான் தலைக்கவசமும் தோள்கவசமும்.

ஒகையோ அணியை 1951 முதல் 1978 வரை பயிற்றுவித்தவர் உடி ஹேய்ஸ். அவர் மிச்சிகனின் பெயரையே வாயால் சொல்ல மாட்டார். "வடக்கே இருக்கிற அந்த அணி" என்பார். நம் பாட்டிமார் தாத்தாவின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அது மரியாதை. இது கோபம்!

இன்றும் பந்தய வாரம் வந்தால் கொலம்பஸ் மாணவர்கள் வளாகத்துப் பெயர்ப் பலகைகளில் உள்ள 'எம்' எழுத்தின் மேல் எல்லாம் சிவப்பு நாடா ஒட்டி அடித்து விடுகிறார்கள். மிச்சிகனின் முதல் எழுத்து 'எம்' அல்லவா!

ஒரு லட்சம் தொண்டை

மிச்சிகன் மைதானத்தில் 1 லட்சத்து 7 ஆயிரத்து 601 பேர் உட்காரலாம். நவம்பர் கடைசியில் குளிர் எலும்பைக் குடையும். யாரும் அசைய மாட்டார்கள். வீட்டில் மெல்லப் பேசும் மனிதர் இங்கே தொண்டை கிழியக் கத்துகிறார். இத்தனை பேர் நடுவில் அவரை யார் கேட்கப் போகிறார்கள்?

2021-ல் பனி கொட்டக் கொட்ட மிச்சிகன் 42-27 என்று வென்றது. பல வருடம் தோற்றுத் தோற்று வந்த ஜெயம். ஜனங்கள் மைதானத்துக்குள் வெள்ளம் போல் இறங்கி விட்டார்கள். புல் தெரியவில்லை.

மாப்பிள்ளை யார்?

இந்தக் கூட்டத்தைப் பார்க்கவே சில விருந்தாளிகள் வருவார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பள்ளிக்கூடப் பையன்கள். நன்றாகப் பந்தாடுகிறவர்கள். "எங்கள் கல்லூரிக்கு வா" என்று பயிற்சியாளர்கள் வலை வீசியிருப்பார்கள்.

பெண் பார்க்கும் படலம் போலத்தான்! கல்லூரியின் செலவில் வருவதானால் இரண்டு இரவு தங்கலாம். போக்குவரத்து, அறை, சாப்பாடு எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். சொந்தச் செலவில் வருகிறவனுக்கும் பந்தயச் சீட்டு இனாம். ஆட்டம் தொடங்குமுன் அவனை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்துவார்கள். ஒரு லட்சம் பேரின் சத்தம் அவன் நெஞ்சில் மோதும். அந்தச் சத்தம்தான் அவர்கள் வைக்கும் சீர்வரிசை!

எந்தப் பக்கம் சாய்வான் என்பது சாதாரண விஷயம் அல்ல. கிளீவ்லண்டு பையன் டெஸ்மண்ட் ஹோவர்ட், பிரிமான்ட் பையன் சார்லஸ் உட்சன் இருவரும் ஒகையோவில் வளர்ந்தவர்கள். போய்ச் சேர்ந்ததோ மிச்சிகனுக்கு! 1991-ல் ஹோவர்ட் பந்தோடு 93 கஜம் ஓடினார். 1997-ல் உட்சன் 78 கஜம் ஓடினார். இரண்டும் ஒகையோவுக்கு எதிராகத்தான். இருவருக்கும் அந்தந்த ஆண்டின் ஹெய்ஸ்மான் விருது கிடைத்தது. கல்லூரி வீரனுக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை.

பையன் எதிரணிக்குப் போனால், நேற்று வாழ்த்திய வாயே இன்று வையும். பதினேழு வயதுப் பிள்ளையை வளர்ந்தவர்கள் வைவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாலே நாள்!

2024-ல் பந்தயம் நவம்பர் 30, சனிக்கிழமை. பையன்கள் கையெழுத்துப் போடத் தொடங்கிய நாள் டிசம்பர் 4, புதன்கிழமை. காதில் இரைச்சல் அடங்கும் முன்பே பேனாவைப் பிடிக்க வேண்டும்!

பணமும் இப்போது பேசுகிறது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே நேராகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு உச்ச வரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

பையன் மைதானத்தைப் பார்க்கிறான். தாய் கேட்க வேண்டிய கேள்வி வேறு. என் மகன் கால் முறிந்தால் படிப்பு உதவி நிற்குமா, போகுமா? 1973 முதல் பல ஆண்டுகள் அந்த உதவித்தொகையை ஒரு வருடத்துக்கு மேல் எழுதிக் கொடுக்க விதி இடம் தரவில்லை. அடுத்த வருடம் கிடைக்குமா என்று பையன் காத்திருக்க வேண்டும். 2012 முதல்தான் பல வருடத்துக்குச் சேர்த்துத் தரலாம் என்று ஆயிற்று. "எத்தனை வருடத்துக்கு என்று காகிதத்தில் காட்டுங்கள்" என்று தாய் இப்போது கேட்கலாம்.