சட்டிக்குள் எத்தனை கலோரி?

பாக்கெட் உணவுக்கு லேபிள் உண்டு. வீட்டுச் சமையலுக்குக் கணக்குப் போட ஒரு தராசு போதும்.

பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் கலோரி அச்சாகியிருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் 2022 முதல் மெனு அட்டையிலேயே அதைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆனால் இந்தியர்களில் பெரும்பாலோர் அன்றாடம் சாப்பிடும் சோற்றுக்கும் சப்பாத்திக்கும் குழம்புக்கும் சப்ஜிக்கும் எந்த லேபிளும் கிடையாது. "சாப்பாட்டைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். எதிலிருந்து எவ்வளவு குறைப்பது என்ற கேள்வி அடுப்படியில் வந்து நின்றுவிடுகிறது.

விஷயம் சாதாரணமானதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து, 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களின் சிகிச்சையில் பாதி தட்டில்தான் நடக்கிறது.

கணக்குக்கான அடிப்படை எண்கள் நம்மிடம் இருக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இடம்பெற்றுள்ளன. நாட்டின் ஆறு பகுதிகளிலிருந்து மாதிரிகளைத் திரட்டி ஆராய்ந்து தயாரித்தது அது. இதில் சக்தியின் அளவு கிலோஜூலில் இருக்கும். 4.184ஆல் வகுத்தால் நமக்குப் பழகிய கலோரி கிடைத்துவிடும்.

சறுக்கல் அடுத்த படியில்தான். அட்டவணையில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. வெந்த பிறகு அதே அரிசி ஏறக்குறைய 300 கிராம் சோறாகிறது. கூடுதல் எடை முழுவதும் தண்ணீர். அதில் கலோரி இல்லை. சோற்றை நிறுத்துவிட்டு அரிசிக்கான எண்ணால் பெருக்குபவருக்கு 1,050 கலோரி என்று விடை வரும். உண்மையைப் போல் மூன்று மடங்கு! பயந்துபோய்ப் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

எனவே, நிறுக்க வேண்டியது அடுப்பில் ஏறுவதற்கு முன். நான்கு பேர் உள்ள வீட்டில் சாம்பார் வைக்கிறார்கள் என்று கொள்வோம். துவரம் பருப்பு 100 கிராம்: சுமார் 330 கலோரி. காயும் புளியும் சேர்ந்து 120. சமைக்கவும் தாளிக்கவும் எண்ணெய் இரண்டு மேஜைக் கரண்டி: 240. ஆக மொத்தம் 690. கொதித்து இறக்கியதும் பாத்திரத்தோடு நிறுத்து, காலிப் பாத்திரத்தின் எடையைக் கழிக்க வேண்டும். மீதி 1,500 கிராம் என்றால், 100 கிராம் சாம்பாரில் 46 கலோரி. 150 கிராம் பிடிக்கும் கிண்ணத்தில் சுமார் 70. பொரியலோ ராஜ்மாவோ மீன் குழம்போ, வழி இதுதான்.

இந்தக் கணக்கில் ஒன்று கண்ணை உறுத்தும். 690இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த இரண்டு கரண்டி எண்ணெயிலிருந்து வந்தது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 தருகிறது. கேரளத்தின் தேங்காய் எண்ணெய், வங்காளத்தின் கடுகு எண்ணெய், குஜராத்தின் கடலை எண்ணெய் எல்லாம் இதில் ஒரே ஜாதி. நெய்யும் கிட்டத்தட்ட அப்படியே. ஆனால் அரிசியை ஆழாக்கால் அளக்கும் வீடுகளில்கூட எண்ணெய் கண் திட்டத்தில்தான் ஊற்றப்படுகிறது.

இதற்கு ஒரு குறுக்கு வழி மாத மளிகைச் சீட்டு. நான்கு பேர் மாதம் 3 லிட்டர் எண்ணெய் செலவழித்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி அதிலிருந்து மட்டுமே வருகிறது. பூரி, வடை சுடும் நாளில் எண்ணெயைச் சட்டியில் ஊற்றுமுன் ஒரு முறையும், ஆறிய பிறகு மறு முறையும் நிறுத்தால் போதும். குறைந்த எடையில் பெரும்பகுதி வயிற்றுக்குள் போனதுதான்.

தானியத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, மொத்தக் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு இது 900 கலோரி. அரிசியாகவோ கோதுமையாகவோ பார்த்தால், சமைக்காத நிலையில் சுமார் 250 கிராம். குறையும் இடத்தைப் பருப்பும் காய்கறியும் பாலும் நிரப்ப வேண்டும்.

மருந்துக் கடைத் துல்லியம் இதில் கிடைக்காது, தேவையும் இல்லை. அரிசி ரகம் மாறினால் எண் மாறும். கஞ்சியை வடித்தால் கொஞ்சம் குறையும். ஒரு வாரம் நிறுத்து எழுதினால், தன் வீட்டுக் கரண்டி எவ்வளவு கொள்ளும் என்பது கைக்குப் பழகிவிடும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் அளவை மாற்றக் கூடாது.

இந்த அட்டவணைகளின் பூர்வீகம் வேறு. இன்றைய ஹைதராபாத் நிறுவனம் 1918இல் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. அங்கே இயக்குநராக இருந்த டபிள்யூ.ஆர். அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். 1943 வங்காளப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்திலும் பின்னர் அவர் உறுப்பினர். ஏழைகளின் சாப்பாட்டில் என்ன குறைகிறது என்று கண்டுபிடிக்கப் பிறந்த கணக்கு, இன்று என்ன அதிகம் என்று பார்க்கப் பயன்படுகிறது.

பழைய வேலையும் தீர்ந்தபாடில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 24 சதவீதத்தினர் அதிக எடை கொண்டவர்கள், 18.7 சதவீதத்தினர் எடை குறைந்தவர்கள். சட்டியில் இருப்பதை நான்கால் வகுப்பது காகிதத்தில் சுலபம். பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருபவருக்கு அந்த நான்கில் ஒரு பங்கு மிஞ்சுகிறதா என்பது வேறு விஷயம். குழம்பில் காய் தீர்ந்திருக்கும், பருப்பு அடியில் கொஞ்சம் இருக்கும், சோறு மட்டும் தாராளமாக இருக்கும். தராசு வாங்கும் வீடுகள் முதலில் நிறுத்துப் பார்க்க வேண்டிய தட்டு அதுதான்.