அனுராதா சாகா வழக்கு

அனுராதா சாகா வழக்கு என்பது, தவறான மருந்தளவால் நேர்ந்த இறப்புக்கு இழப்பீடு கோரி இந்தியாவில் நடைபெற்ற வழக்கு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த உளவியலாளரான அனுராதா, 1998 இல் கொல்கத்தா வந்திருந்தபோது தோல் தடிப்புக்கு மருத்துவம் பெற்றார். அவ்வாண்டு மே 28 அன்று மும்பையில் இறந்தார்.

மருந்தளவு

டெப்போமெட்ரால் என்னும் ஸ்டீராய்டு ஊசி, 80 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு இருமுறை அவருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இம்மருந்து தசையிலிருந்து மெதுவாகக் கரைந்து பல நாட்கள் செயற்படுவது. ஆகவே ஊசிகளுக்கிடையே ஓரிரு வாரங்கள் விடவேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுறுத்தல். அளவு மிகுந்தால் நோயெதிர்ப்பாற்றல் குன்றும். மருத்துவர் எழுதிய சீட்டே வழக்கில் வலுவான சான்றாயிற்று.

தீர்ப்பு

குற்றவியல் வழக்கில் மருத்துவர்கள் விடுவிக்கப்பட்டனர். தண்டனைக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட வேண்டும். இழப்பீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. கட்டணம் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துள் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்திருந்தது. அவ்வழியே கணவர் குணால் சாகா தேசிய நுகர்வோர் ஆணையத்தை நாடினார். மருத்துவர்களின் கவனக்குறைவை உச்ச நீதிமன்றம் 2009 இல் உறுதிசெய்தது. 2013 அக்டோபர் 24 அன்று ஏறத்தாழ 6.08 கோடி ரூபாயும் 6 விழுக்காடு வட்டியும் வழங்க ஆணையிட்டது. இத்தொகையின் பெரும்பகுதி வருமான இழப்புக்கானது. குறைந்த வருமானமுடையோர் இறந்திருப்பின் இதே கணக்கு மிகச் சிறிய தொகையையே தந்திருக்கும்.

நுகர்வோர் முறையீட்டைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவு செய்யவேண்டும்.