சிங்கப்பிடரிக் காளான்: மரத்தூள், குக்கர், கொஞ்சம் காற்று

சிப்பிக் காளான் வளர்த்தவர்கள் நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. வைக்கோலை வெந்நீர்ல போட்டு எடுத்து, பாலித்தீன் பையில வித்தோடு அடுக்கடுக்காகப் போட்டால் மூணு வாரத்துல காளான் வந்துவிடும். அதே முறையில சிங்கப்பிடரிக் காளானையும் வளர்க்கலாமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். முடியாது. ஏன் முடியாது என்பது புரிந்தால் மீதி எல்லாம் தானாகவே புரியும், அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆங்கிலத்தில் லயன்ஸ் மேன், அறிவியல் பெயர் ஹெரிசியம் எரினேசியஸ். ஜப்பானில் யமபுஷிடாகே. யமபுஷி என்பவர்கள் மலையில் தவம் செய்யும் துறவிகள். அவர்கள் உடையில் தொங்கும் குஞ்சம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். சீனர்களுக்கு இது குரங்குத்தலைக் காளான். குடையும் கிடையாது, அடியில் மடிப்பும் கிடையாது. வெள்ளைப் பந்து ஒன்றிலிருந்து முள் முள்ளாகக் கீழ்நோக்கித் தொங்கும், அவ்வளவுதான். வித்துத்தூள் அந்த முட்களின் மேல்தான் உருவாகிறது. கீழே விழுந்து காற்றில் போக வேண்டும் என்பதால் முட்கள் எப்போதும் புவியீர்ப்புத் திசையிலேயே வளரும். வளர்கிற காலத்தில் பையைச் சாய்த்து வைத்தால் புதிதாக வரும் முள் திசை மாறி வரும். குழந்தைகளுக்குக் காட்டலாம்.

இதன் இயற்கை வீடு வட அரைக்கோளத்தின் குளிர்ப் பிரதேசக் காடுகள். ஓக், பீச் போன்ற கடின மரங்களின் காயங்களிலும் பட்ட மரத்திலும் வளரும். இங்கிலாந்தில் இது அரிதாகிப் போனதால் காட்டில் பறிப்பதே சட்டப்படி குற்றம். ஆக இது மரம் தின்னும் காளான். வைக்கோலில் ஏதோ கொஞ்சம் வரும், ஆனால் நல்ல விளைச்சலுக்கு மரத்தூள் வேண்டும். வெறும் மரத்தூளில் நைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் தவிடும் சேர்க்க வேண்டியிருக்கு. சிக்கல் இங்கேதான். தவிடு போட்ட மரத்தூள் இந்தக் காளானுக்கு மட்டுமல்ல, ஊரில் உள்ள எல்லாப் பூசணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் கல்யாண விருந்து. கொதிநீர்ச் சூட்டில் சாதாரணப் பூசணம் சாகும், ஆனால் சில பாக்டீரியாக்களின் உறங்கும் வித்துகள் சாகாது. அதுக்கு 121 டிகிரி வேண்டும், அதாவது அழுத்தம் வேண்டும்.

இதை நம்பாதவர்களுக்காக (முதலில் எனக்காக) ஒரே கலவையில் நாலு பை போட்டேன். மூன்று குக்கரில், ஒன்று இட்லிப் பானையில் ரெண்டு மணி நேரம் வெறும் ஆவியில். ஆவிப் பை ஆறாம் நாள் புளிச்ச வாடை அடித்தது, பத்தாம் நாள் பச்சை. அந்தப் பச்சை பெரும்பாலும் டிரைக்கோடெர்மா. விவசாயிகள் வேரழுகலுக்காகக் காசு கொடுத்து வாங்கி வயலில் போடுகிற அதே டிரைக்கோடெர்மாதான்! மற்ற பூசணங்களைத் தின்பது அதன் தொழில். வயலில் நண்பன், காளான் பையில் எமன்.

கலவை எளிது. உலர் எடையில் 80 பங்கு மரத்தூள், 18 பங்கு கோதுமைத் தவிடு, 2 பங்கு ஜிப்சம். ஒரு கிலோ உலர் கலவைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஈரம் 60 சதவீதம். கைப்பிடி எடுத்து இறுக்கினால் ரெண்டு மூணு சொட்டு வரணும், ஒழுகக் கூடாது. மரத்தூள் எந்த மரத்தோடது என்று மில்லில் கேட்டு வாங்குங்க. மாமரம், ரப்பர் மரம் நல்லது. தேக்கு வேண்டாம். பூசணத்தையும் கரையானையும் தடுக்கிற வேதிப்பொருட்கள் அதில் இருப்பதால்தான் அதுக்கு அந்த விலை. பிளைவுட் அறுத்த தூள் கண்டிப்பாகக் கூடாது, பசை ரசாயனம் கலந்திருக்கும். பை பாலிப்ரொப்பிலீனாக இருக்கணும். சாதாரண பாலித்தீன் குக்கர் சூட்டில் இளகி உருகிவிடும்.

குக்கர் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. நம்ம வீட்டு குக்கரின் வெயிட் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் தூக்கும் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் பாருங்க). கடல் மட்டத்தில் அது 121 டிகிரி. நான் இருப்பது பெங்களூரு, சுமார் 900 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தமே இங்கே கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறைவு. அதனால் உள்ளே 119 டிகிரிதான் வரும். ரெண்டு டிகிரியில் என்ன என்று தோன்றும், ஆனால் சூடு குறையக் குறைய கிருமி சாகும் வேகம் மடங்குக் கணக்கில் குறைகிறது. 1.2 கிலோ பைக்கு நான் இரண்டரை மணி நேரம் வைக்கிறேன். ஆவி நன்றாகச் சீறி உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறிய பிறகே வெயிட் போடணும். காற்று மாட்டிக்கொண்டால் அழுத்தம் இருக்கும், சூடு இருக்காது. பை தண்ணீரில் முங்காமல் அடியில் தட்டு வேண்டும். பை வாய் ஆவித் துவாரத்தை அடைக்காமல் பார்த்துக்கணும். விசில் எப்போதாவது ஒன்று வருகிற மாதிரி சிறு தீ. தண்ணீர் வற்றினால் ஆபத்து, அதனால் அந்த இரண்டரை மணி நேரமும் வீட்டை விட்டுப் போகாதீங்க. சேஃப்டி வால்வும் கேஸ்கட்டும் பழசாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

பை முழுசாக ஆறின பிறகு வித்து. சோளத்தில் வளர்த்த வித்தாக வாங்கி, பை எடையில் பத்தில் ஒரு பங்கு வரை போடுகிறேன். ஃபேன் ஆஃப், ஜன்னல் மூடல், கையில் ஸ்பிரிட். (ஸ்பிரிட் தடவின கையோடு அடுப்புப் பக்கம் போகாதீங்க.) பை வாயில் வளையம் போட்டுப் பஞ்சு அடைக்கணும்.

பிறகு காத்திருப்பு. 21 முதல் 25 டிகிரியில் மூணு வாரம். இங்கேதான் பலர் பையைத் தூக்கி எறிகிறார்கள். சிப்பிக் காளானின் இழை பால் ஊற்றின மாதிரி அடர்த்தியாக வெளுக்கும். இதுவோ சிலந்தி வலை மாதிரி மெல்லிசாக ஓடும், பார்த்தால் ஒண்ணுமே வளராத மாதிரி இருக்கும். வாடையை நம்புங்க. புளிப்பு இல்லாமல் மழைக்காலக் காடு மாதிரி மணந்தால் உள்ளே வேலை நடக்கிறது.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த பகுதி. பையில் ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு ஒரே ஒரு கீறல் போட்டு, 16 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 85 முதல் 95 சதவீதம் இருக்கும் இடத்தில் வைக்கணும். துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். எல்லாரும் ஈரப்பதத்துக்கே அலைகிறார்கள், நிஜமான வில்லன் கார்பன் டை ஆக்சைடு. காளானும் நம்மை மாதிரி ஆக்சிஜனை எடுத்து அதை வெளியே விடுகிறது. மூடின டப்பாவில் அது ஏறிக்கொண்டே போகும். வெளிக்காற்றில் 420 பி.பி.எம். சுற்றி இருக்கும். ஆயிரத்தைத் தாண்டிப் போனால் காளான் பந்தாகாமல், முள் விடாமல், பவளப்பாறை மாதிரி கிளை கிளையாகப் பிரியும். காட்டில் அது மரப்பொந்துக்குள் மாட்டிக்கொண்டதற்கு அடையாளம். வித்து பரப்பக் காற்று இல்லை, ஆக முள் விடுவதில் பயனில்லை, வெளியே நீள வேண்டும் என்பது அதன் கணக்கு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

டப்பாவுக்குள் ஒரு சென்சாரை வைத்து இஎஸ்பி32 பலகையோடு இணைத்துப் பார்த்தேன். மூடி வைத்த டப்பா ஒரே ராத்திரியில் 3,000 தாண்டியது. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் துளைகள் போட்டு, தினம் மூணு தடவை மூடியால் விசிறினதும் 700 முதல் 900-க்குள் நின்றது. முதல் பையில் பவளம், ரெண்டாவதில் பந்து. இப்போ சென்சார் வேறு வேலைக்குப் போய்விட்டது. காளானே சென்சார்தான், வடிவத்தைப் பார்த்தாலே காற்று போதுமா என்று தெரிந்துவிடும்.

பத்து நாளில் அறுவடை. முள் அரை சென்டிமீட்டர் தாண்டினதும், பந்து இன்னும் வெள்ளையாக இருக்கும்போதே அறுத்துவிடணும். மஞ்சளானால் கசக்கும். என் பை ஒவ்வொன்றிலும் முதல் அறுப்பு 180 முதல் 200 கிராம்.

பெங்களூரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இது சுலபம். சென்னையில் மே மாதம் ஏசி போட்டு வளர்த்தால் கரண்ட் பில்லில் நண்டே வாங்கலாம். அங்கே பால் காளான் வளருங்க. 30 டிகிரிக்கு மேல் சந்தோஷமாக வளரும், கோவை வேளாண் பல்கலைக்கழகம் ரகமே வெளியிட்டிருக்கு.

இனி, எல்லாரும் உண்மையில் கேட்க வருகிற கேள்வி: ஞாபக மறதிக்கு நல்லதாமே?

இந்தக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்டது பெரியம்மா. பெரியப்பாவுக்கு 74 வயசு, ஒரு வருஷமாகப் பெயர்கள் மறக்கிறது. வெளிநாட்டிலிருந்து பேரன் காப்ஸ்யூல் டப்பா அனுப்பியிருந்தான். நான் தேடிப் படித்தது இது. 1991-ல் ஜப்பானில் ஹிரோகாசு கவாகிஷி குழுவினர் இந்தக் காளானிலிருந்து ஹெரிசினோன் என்ற சேர்மங்களைப் பிரித்தார்கள். 1994-ல் இழையிலிருந்து எரினசின். இரண்டும் சோதனைக்கூட செல்களில் நரம்பு வளர்ச்சிக் காரணி சுரப்பதைத் தூண்டின. அந்தக் காரணியைக் கண்டுபிடித்ததற்கு ரீட்டா லெவி மொண்டால்சினிக்கு 1986-ல் நோபல் கிடைத்தது, அதனால் இந்தச் செய்தி பரபரப்பானது. 2009-ல் ஜப்பானில் மனிதர்களிடம் சோதித்தார்கள். லேசான மறதி உள்ள சுமார் 30 பேர், பாதிப் பேருக்கு தினம் 3 கிராம் உலர்ந்த பொடி, 16 வாரம். பொடி சாப்பிட்டவர்கள் மதிப்பெண் கூடியது. நிறுத்தி நாலு வாரத்தில் அந்த லாபம் கரைய ஆரம்பித்தது. முப்பது பேர் என்பது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வரிசை. நம்பிக்கை தரும் ஆரம்பம், அவ்வளவே. மருந்து என்று சொல்ல அது போதாது.

3 கிராம் உலர் பொடி என்றால் சுமார் 30 கிராம் பச்சைக் காளான். 16 வாரத்துக்கு மூணே கால் கிலோவுக்கு மேல், என் கணக்கில் பதினேழு பதினெட்டு பை. சமைத்துச் சாப்பிட்டால் அதே பலன் வருமா என்பதை அந்தச் சோதனை பார்க்கவில்லை.

காப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கி ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டேன், கருநீலமாக மாறியது. மாவுச்சத்து. காளானில் அந்த வகை மாவுச்சத்து கிடையாது. தானியத்தில் இழையை வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்துப் பொடியாக்கும் வழக்கம் உண்டு. அதில் எரினசின் இருக்கலாம், ஆனால் பாதி காசு தானியத்துக்கு. என் உலர்ந்த காளான் பொடியில் அயோடின் அதே பழுப்பாக இருந்தது.

பெரியம்மாவிடம் நான் சொன்னது, டப்பாவை ஓரமா வைங்க, முதல்ல டாக்டரிடம் போய் பி12, தைராய்டு ரெண்டும் பாருங்க என்றுதான். மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்களில் முதலில் பார்க்க வேண்டியவை அவை. பெரியப்பா ஆயுசு முழுக்க சைவம், பி12 மிகக் குறைவாக இருந்தது. ஊசி ஆரம்பித்து அஞ்சு மாசம் ஆச்சு. கைகால் மதமதப்பு போயிருக்கு. மறதி கொஞ்சம் தேவலாம் என்கிறார் பெரியம்மா, பெரியப்பா தனக்கு மறதியே கிடையாது என்கிறார்.

காளான் அவருக்கும் போகிறது, ஆனால் சாப்பாடாக. கையால் பிய்த்து எண்ணெய் இல்லாமல் வாணலியில் போட்டால் முதலில் தண்ணீர் விடும். அது வற்றி ஓரம் சிவந்த பிறகே நெய், உப்பு, இடித்த மிளகு. நார் நாராக நண்டுச் சதை மாதிரி இருக்கும். முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்க, சிலருக்கு ஒவ்வாமை வரும். அறுத்த பையைத் தூக்கிப் போடாதீங்க. அதே கீறலில் ரெண்டு வாரத்தில் இன்னொரு சின்னப் பந்து வரும். அதுக்கப்புறம் உதிர்த்து ரோஜாத் தொட்டியில் கொட்டிவிடலாம்.