இரண்டு நிமிட ஆகாயப் பயணம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று கணக்குப் புத்தகம் கூறுகிறது. ஆகாய விமானம் இந்தச் சூத்திரத்துக்கு எவ்வளவு தூரம் கட்டுப்படுகிறது என்பதை இரண்டு தீவுகளைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் வெஸ்ட்ரே ஒரு தீவு. அதன் அண்டையில் பாப்பா வெஸ்ட்ரே என்னும் சின்னஞ்சிறு தீவு. இரண்டிலும் விமான நிலையம் உண்டு. பெரிய மாளிகைகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடுபாதையும் ஒரு சிறு கட்டிடமுமே அங்கே நிலையம். இடைத்தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர். 1967ஆம் ஆண்டு முதல் லோகன்ஏர் நிறுவனம் இங்கே விமானம் விட்டு வருகிறது. உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் இதுதான். அட்டவணையில் குறித்துள்ள நேரம் 2 நிமிடம்.

கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 81 கிலோமீட்டர் வேகந்தான் வருகிறது! நல்ல சாலையில் மோட்டார் காரே இதைத் தாண்டிவிடும். ஆனால் அங்கே பறக்கும் ஐலண்டர் என்ற சிறு விமானமோ மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வல்லது. மீதி வேகம் எங்கே போயிற்று? ஊர்ந்து செல்வதிலும், வேகம் பிடிப்பதிலும், பிடித்த வேகத்தை உடனே குறைப்பதிலும் போயிற்று. முழு வேகத்தை எட்டுவதற்குள் அக்கரை வந்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜப்பானின் டோக்கியோவிலிருந்து ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலு 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று, கிழக்கே போகும் விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. திரும்பி வரும்போது அதே காற்று மறிக்கிறது. ஆகவே போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் ஒரு மணிக்கும் அதிகமாக நீள்வதுண்டு. அங்கே பின்காற்று நண்பன். ஆர்க்னியிலோ அதுவே தொல்லை! விமானம் எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்தே. சேரும் தீவிலிருந்து காற்று வீசினால், எழுந்த திசையிலேயே நேராகப் போய் இறங்கிவிடலாம். முதுகுப்புறமிருந்து பலமாக வீசினாலோ, சேர வேண்டிய தீவுக்கு முதுகைக் காட்டி எழும்பி, வளைந்து, தீவைக் கடந்து, மறுபடி வளைந்து இறங்க வேண்டும். யாவும் ஒத்துவந்த ஒரு நாளில் ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி 53 விநாடிகளில் கடந்திருக்கிறார்.

பாப்பா வெஸ்ட்ரேயில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 90 பேரே வாழ்ந்தனர். இத்தனை பேருக்காக ஒரு விமானமா, அதுவும் பொதுப்பணத்தின் உதவியோடா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அதில் செல்வோர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். உல்லாசப் பிரயாணிகளோடு, ஆசிரியர்களும் மருத்துவர்களும் நோயாளிகளும் அதில் செல்கிறார்கள். படகும் உண்டு, ஏறத்தாழ 25 நிமிடத்தில் அக்கரை சேர்க்கும். ஆனால் மாரிக்காலத்து வட கடல் கொந்தளித்தால் படகு கரையைவிட்டு நகராது. அந்த 25 நிமிடம் மறுநாள் வரையிலும் நீளக்கூடும். மூடுபனி இறங்கிவிட்டால் விமானமும் அப்படித்தான் காத்துக் கிடக்கும்.